வரும் மாமாவின் கசெட்

கண்டியில், திருகோணமலை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அவருடைய கடை இருந்தது. ரேடியோ, டெலிவிஷன், அயன், மின்விசிறி எல்லாம் பழுது பார்ப்பார். சில்லறைச் சாமான்களும் வைத்திருப்பார். போய் ஒரு சாமானைக் கேட்டால், இருந்தால் எடுத்துத் தருவார். இல்லாவிட்டால் "வரும்" என்பார்.

எப்போது வரும் என்று கேட்டாலும் "வரும்" என்பார். சிங்களத்தில் கேட்டவர்களுக்கு "எய்" என்பார். அதற்கும் வரும் என்றுதான் அர்த்தம். சிலர் ஒரே சாமானைக் கேட்டு வருடக்கணக்கில் வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் என்ன கேட்டோம் என்பதையே மறந்துவிட்டு, வந்து உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவில் அவருக்கு 'வரும் மாமா' என்று பெயர். சொந்தப் பெயரும் இருந்தது. கடைப் பலகையில் பெரிதாகவே எழுதியிருந்தார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

'இல்லை' என்ற சொல் அவர் வாயில் வராது. முடியாது, வேண்டாம், கூடாது என்பவையும் வராது. அது விரதமோ கொள்கையோ அல்ல. சிலருக்குப் பாகற்காய் இறங்காது, அது மாதிரி.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த தபால் கந்தோர் அதிகாரி ஒருவர், தன் பழைய ரேடியோவுக்கு ஒரு குமிழ் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். ஒரு நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. நானும் அப்போது கடையில் நின்றேன்.

"போன மாசமும் வருமெண்டுதானே சொன்னனீங்கள்."

"ஆமாங்க."

"இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோவன். நான் கொழும்பிலை வாங்கிப்போடுவன்."

மாமா நெற்றியைத் துடைத்தார். உதடு ஏதோ செய்யப் பார்த்தது. பிறகு, "கொழும்புலயும் கெடைக்கும்ங்க" என்றார்.

அந்தச் சொல்லுக்கு மிகவும் பக்கத்தில் அவர் போனது அன்றைக்குத்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

கோயில் கூட்டத்தில் கோபுரத்துக்கு வர்ணம் அடிப்பதா வேண்டாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். அடிக்க வேண்டும் என்றவர்களோடு மாமா கை தூக்கினார். வேண்டாம் என்றவர்களோடும் தூக்கினார். செயலாளர் இரண்டு பக்கத்திலும் அவரை எண்ணிவிட்டு, தலை கூடுதலாக வருகிறதே என்று குழம்பிப்போனார். அடுத்த கூட்டத்திலிருந்து அவரைக் கணக்கில் சேர்ப்பதை விட்டுவிட்டார்கள். ஆனால் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் இருந்ததில்லை. எந்தக் கட்சி தோற்றாலும் தங்கள் பக்கம் ஒருவர் கூடுதலாக இருந்தார் என்ற ஆறுதல் கிடைத்தது.

பெரஹெரா ஊர்வலச் சமயத்தில் அவருடைய ஏணியை இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் இரவல் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் கொடுத்தார். அதாவது, ஒருவர் ஏறி இறங்கியதும் அதை அடுத்த வீட்டுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். மறுபடி முதல் வீட்டுக்குத் தேவைப்பட்டது, மறுபடி தூக்கினார். கடையை அன்றைக்குத் திறக்கவில்லை.

அவருடைய மனைவி இதையெல்லாம் குறையாகச் சொல்லமாட்டார். "எங்க கல்யாணமே அப்புடித்தான்" என்பார். "எங்கப்பா கேட்டாரு, சரின்னுட்டாரு. அதுக்கு முன்னுக்கு வேற யாரும் கேட்டிருந்தா அவங்களுக்கும் சரின்னிருப்பாரு. எங்கப்பா வெள்ளனவே போய்க் கேட்டுட்டாரு, அவ்வளவுதான்."

எண்பதுகளில், பேராதனையில் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு விரிவுரையாளர் இங்கிலாந்திலிருந்து வரும்போது ஒரு வீட்டுக் கணினியைக் கொண்டுவந்தார். உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ரப்பர் விசைகள். டெலிவிஷனோடு இணைக்க வேண்டும். அது வேலை செய்யாமல் போனதும் மாமாவிடம் எடுத்துவந்து, இதைச் சரிப்படுத்த முடியுமா என்று கேட்டார். மாமா அப்படி ஒரு சாமானைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"பாக்கலாம் சேர்" என்றார்.

பிறகு பார்க்கத்தானே வேண்டும். கூடவே வந்த ஆங்கிலக் கையேட்டை அகராதியை வைத்துக்கொண்டு படித்தார். பழுது மின்சாரம் வரும் கம்பியில்தான் இருந்தது. அதைப் பிற்பாடு கண்டுபிடித்தார். அதற்குள் கையேட்டை முழுக்கப் படித்து முடித்திருந்தார். விரிவுரையாளர் மறுபடி வெளிநாடு போகும்போது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாமா வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் புடவைக் கடை முதலாளி ஒருவர் வந்து அதைப் பார்த்துவிட்டு, "இது சாதகம் பாக்குமா?" என்று கேட்டார். மாமா, "பாக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த நட்சத்திரத்துக்கு எந்த நட்சத்திரம் பொருந்தும் என்பதையெல்லாம் அந்த ரப்பர் விசைகளில் குத்திக்கொண்டிருந்தார். கடைசியில் மெஷின் கல்யாணப் பொருத்தம் பார்க்கத் தொடங்கியது.

கடைக்குப் பின்னால் திரை போட்ட ஒரு சின்ன அறை. அந்தக் காலத்து மெஷினை நிறுத்தினால் போட்டதெல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு கசெட் ரெக்கார்டரைக் கம்பியால் இணைத்து, கசெட்டை ஓடவிட்டு, அதில் சத்தமாகப் பதிந்திருக்கும் கட்டளைகளைத் திரும்ப ஊட்ட வேண்டும். முதலில் நீளமாக ஒரு ஊதல், பிறகு அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி ஒரு இரைச்சல். அது ஓடும் வரை பெண்ணைப் பெற்றவர்கள் கதிரையில் கை கூப்பி உட்கார்ந்திருப்பார்கள். இரைச்சல் நின்றதும் பெண்ணின் நட்சத்திரம், மாப்பிள்ளையின் நட்சத்திரம் இரண்டையும் மாமா எண்ணாக அடிப்பார். திரையில் புள்ளி புள்ளியாக ஓடும். பிறகு, பத்துப் பொருத்தத்தில் எத்தனை என்று ஒரு இலக்கம் வந்து நிற்கும். மாமா அதை வாய்விட்டுப் படிக்கமாட்டார். இலக்கம் எல்லோருக்கும் தெரியும்தானே.

ஆறு வரும், ஏழு வரும், எட்டு வரும். சிலருக்கு ஒன்பதும் வந்தது. "மெசின் பாத்தாச்சா?" என்று கேட்பது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்துகூட பஸ் பிடித்து வந்தார்கள். கோயிலடி ஜோசியர் மட்டும், கரண்ட் போனால் கிரகம் நின்றுவிடுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மெஷின் பார்த்துச் செய்த கல்யாணங்கள் மற்றக் கல்யாணங்களைப் போலத்தான் நடந்தன. சில நன்றாக இருந்தன, சில அவ்வளவு நன்றாக இல்லை.

எனக்கு மட்டும் மூன்று வந்தது.

மாத்தளையில் ஒரு இரும்புக் கடைக்காரரின் மகன். சொந்த வீடு, சொந்த லொறி. அப்பா இறந்து அம்மா என்னைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தபோது அம்மாவுக்குப் பல வருடங்களுக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். நான் அப்போது கணக்கியல் கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தது போதும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். அம்மா என்னைக் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல எனக்கு வரவில்லை.

மெஷின் மூன்று என்றது. அம்மா அந்த இடத்தை விட்டார். நான் பரீட்சை எழுதினேன், வேலைக்குப் போனேன். சில வருடம் கழித்துக் கலகெதரவில் கொப்பி, பேனை விற்கும் காகிதாதிக் கடை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டேன். அதற்கும் மெஷின் பார்த்தோம், ஏழு வந்தது. பேச்சுக் குறைந்த மனிதர். முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக இருக்கிறோம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு மட்டும் மாத்தளை மறக்கவில்லை. வீட்டில் கூரை ஒழுகினாலும் மாத்தளை, காய்கறி விலை ஏறினாலும் மாத்தளை. "நீ மட்டும் மாத்தளைக்குப் போயிருந்தா" என்று மருமகனை வைத்துக்கொண்டே ஆரம்பிப்பார். மருமகன் பேப்பரைத் திருப்புவார். போன வருடம் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். மாத்தளைக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். மாலை போட்டுக்கொண்டு, பக்கத்தில் மனைவியோடு சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல மனுசனாத்தான் தெரியிறாரு" என்றார்.

அன்றையிலிருந்து அம்மாவின் பேச்சு மாறிவிட்டது. நான் இழந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தான் இழக்கவைத்துவிட்டதாகச் சொல்லத் தொடங்கினார். "ஒங்கப்பா இருந்திருந்தா ஜோசியருகிட்ட போயிருப்பாரு. நா ஒத்தப் பொம்பள. கிட்டத்துல இருந்த கடைக்குப் போனேன். அந்த மெசின் சரியாத்தான் பாத்துச்சா என்னமோ." எண்பது வயதைத் தாண்டியவர். ராத்திரி முழுக்கத் தூங்காமல் இதைப் போட்டு உருட்டுகிறார் என்பது காலையில் கண்ணைப் பார்த்தால் தெரியும்.

மாமா அப்போது இல்லை. அவர் போய்ச் சில வருடம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியிலும் அதே ஆள்தான். டொக்டர் வந்து "வலி இருக்கா?" என்றால் "இருக்குங்க" என்பார். தாதி வந்து "இப்ப வலி கொறஞ்சிருக்குதானே?" என்றால் "கொறஞ்சிருக்குங்க" என்பார். அவருக்கு என்ன செய்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நான் பார்க்கப் போன அன்று, "சீக்கிரம் வீட்டுக்கு வந்துருவீங்க மாமா" என்றேன். "வரும்" என்று சொல்லவந்து, திருத்திக்கொண்டு, "வருவேன்" என்றார். வரவில்லை.

அவருடைய மனைவி மகனோடு இருக்கப் போகும்போது, வீட்டை ஒழித்ததில் கிடைத்த ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "நீதான் கொம்பியூட்டர்ல வேல செஞ்சவ. வீச மனசு வரல" என்றார். உள்ளே சில கசெட்டுகள். ஒன்றில் பேனையால் 'பொருத்தம்' என்று எழுதியிருந்தது. டின்னோடு அலுமாரிக்கு மேல் வைத்தேன். அறுபதாம் கல்யாணப் படம் வந்து ஒரு வாரத்தில் அம்மா அலுமாரியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கசெட்ட இப்பப் போட்டுப் பாக்க ஏலுமா?"

எனக்கும் வரவில்லை, முடியாது என்று சொல்ல. பார்க்கலாம் என்றேன்.

பழைய ரெக்கார்டர் ஒன்று வீட்டில் கிடந்தது. உள்ளே இருந்த ரப்பர் வார் உருகித் தாராகியிருந்தது. வார் வாங்க அதே சந்துக்குப் போனேன். மாமாவின் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். "ரெக்கார்டர் வார் இருக்கா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார் கடைக்காரர். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வேறொரு இடத்தில் கிடைத்தது.

இந்தக் காலத்துக் கணினிக்குள் கசெட்டை ஏற்றும் முறையை இணையத்தில் படித்தேன். ரெக்கார்டரில் காதுக் கம்பி குத்தும் ஓட்டையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி போக வேண்டும். கசெட்டை ஓடவிட்டு அந்தச் சத்தத்தைக் கணினியில் பதிய வேண்டும். பதிந்ததைப் பழைய மெஷினைப் போலவே நடிக்கும் ஒரு மென்பொருளுக்கு ஊட்ட வேண்டும். வாசிக்கும்போது அவ்வளவுதான். என் மடிக்கணினியில் சத்தம் உள்ளே வருவதற்குத் தனி ஓட்டை இல்லை. அதற்கென்று ஒரு சின்ன இணைப்பான் வாங்கினேன். சத்தத்தைக் குறைத்து வைத்தால் மென்பொருளுக்குக் கேட்கவில்லை. கூட்டி வைத்தால் உடைந்துபோனது. எல்லாம் சரியாக இருந்த நாளில் பதிந்ததைப் போட்டுப் பார்த்தால் வெறும் மௌனம். பிறகுதான் விளங்கியது. கணினிக்கு யாரோ நல்ல பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சு அல்லாத இரைச்சலை அது தானாகவே துடைத்துவிடும். மாமாவின் மாதக்கணக்கான உழைப்பை அது குப்பை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தது. அந்த வசதியைத் தேடிப் பிடித்து நிறுத்தினேன்.

ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. மழை. என் கணவர் ரெக்கார்டரின் பொத்தானை அமத்தினார். ஊதல் வந்தது, சட்டி சுரண்டும் சத்தம் வந்தது. சமையலறையிலிருந்த அம்மா, யாரும் கூப்பிடாமலே வந்து கதிரையில் உட்கார்ந்து கை கூப்பினார்.

திரையில் ஆங்கில எழுத்தில் PORUTHAM என்று பெயர் வந்தது. நட்சத்திரம் கேட்டது. என்னுடையதையும் மாத்தளைக்காரருடையதையும் அம்மா மனப்பாடமாகச் சொன்னார். அடித்தேன். புள்ளிகள் ஓடின. எட்டு என்று வந்தது.

"எட்டா?" என்றார் அம்மா.

"இன்னொருக்கா அடிச்சிப் பாரு" என்றார் கணவர்.

ஆறு வந்தது. மறுபடி அடித்தேன், ஒன்பது. எங்கள் இருவருடைய நட்சத்திரத்தையும் போட்டேன். அன்றைக்கு வந்த அதே ஏழு வந்தது. கணவருக்குக் கொஞ்சம் திருப்தி. மறுபடி போட்டேன், எட்டு வந்தது. அவருக்கு இன்னும் திருப்தி, பிறகு யோசனை. நட்சத்திரம் இருபத்தேழுதான், நான் நாற்பது என்று அடித்தேன். இல்லாத நட்சத்திரத்துக்கும் ஏழு பொருத்தம் இருந்தது.

அந்த மெஷினுக்கு எழுதிய கட்டளைகளைத் திறந்து படிப்பது பெரிய வித்தை அல்ல. ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் இருக்கும். மெஷின் வரிசையாகப் படித்துக்கொண்டு போகும். பஞ்சாங்கத்தைப் பார்த்து மாமா குத்தியது எல்லாம் அப்படியே இருந்தது. தினப் பொருத்தம், கணப் பொருத்தம், ரஜ்ஜு, ஒன்றும் குறையவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், பிற்பாடு செருகிய ஒரே ஒரு வரி. இதையெல்லாம் தாண்டிக் கடைசிக்குப் போ என்று சொல்கிற வரி. கடைசியில், ஆறிலிருந்து ஒன்பதுக்குள் ஏதாவது ஒரு இலக்கத்தைத் தோன்றியபடி எடுத்துக் காட்டு என்று இருந்தது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. யாருக்கோ முதல் தடவை இரண்டோ மூன்றோ வந்திருக்க வேண்டும். பெற்றவர்கள் மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு அது தாங்கியிருக்காது. பிறகு அம்மாவைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப அன்னைக்கு மூணு எங்கேருந்து வந்துச்சி?" என்று அம்மா கேட்டார்.

கட்டளைகளை மறுபடி மேலிருந்து படித்தேன், மூன்றுக்கு அதில் வழியே இல்லை.

"அன்னைக்கு மெசின் பழுதாயிருக்கு" என்றார். "ஊர்ல எல்லாருக்கும் ஒழுங்காச் சொன்ன மெசின் எம் புள்ளைக்கு மட்டும் பழுதாயிருக்கு. அத நம்பி ஒன் வாழ்க்கையத் தூக்கிப் போட்டுட்டேன்."

"நா நல்லாத்தானேம்மா இருக்கேன்."

"நீ எப்பவும் சரிதான்னு சொல்லுவ" என்றார். தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அம்மா சொன்ன அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு ஒரு பின்னேரம் ஞாபகம் வந்தது. மாத்தளை விஷயமாக மெஷின் பார்க்க, இரண்டு நட்சத்திரங்களையும் எழுதிய துண்டை மாமாவிடம் கொடுக்க அம்மா என்னைத்தான் அனுப்பியிருந்தார். கூடவே பழுதான அயனையும் கொண்டுபோனேன். மாமா துண்டைப் பார்த்தார்.

"மாத்தளையா?"

"ஆமா மாமா."

"பரீச்ச எப்ப புள்ள?"

"எழுதத் தேவல்லன்னு சொல்றாங்க மாமா. படிச்சது போதுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொல்லிட்டேன்."

அவர் கையிலிருந்த ஈயம் ஒட்டும் கோலைத் தாங்கியில் வைத்தார். "சரின்னு சொல்லிட்ட" என்று திருப்பிச் சொன்னார். என்னையே பார்த்தார். நான் அயனின் கம்பியைச் சுற்றி அவிழ்த்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்கச் சரி சொல்லியே வாழ்ந்த மனிதர். ஒருவர் சரி என்று சொன்னால் அது எந்த மாதிரிச் சரி என்று அவரைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. பேசாமல் இருக்கிறாரே என்று மட்டும் நினைத்தேன்.

"நாளைக்கு அம்மாவ வரச் சொல்லவா மாமா?"

"நாளைக்கழிச்சி வரச் சொல்லு" என்றார். மெஷின் பார்க்க அவர் யாரையும் காக்கவைத்ததில்லை.

மறுநாள் காலை அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்றைக்குக் கடையில் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன். அம்மாவுக்கு இந்த வயதில் நேற்றுச் சாப்பிட்டது மறந்துவிடும். அந்த நாள் மறக்கவில்லை.

"போய் ஒக்காந்தேன். கசெட்டு ரெக்கார்டருக்குள்ளயே இருந்துச்சி. அத வெளிய எடுத்தாரு. கையில வச்சிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பறம் திருப்பிப் போட்டாரு."

"திருப்பின்னா?"

"மத்தப் பக்கத்த. அது ஏறல. கீச்சுகீச்சுன்னுட்டு நின்னுருச்சி. மறுபடி போட்டாரு, ஏறல. சின்ன ஸ்க்ரூ ட்ரைவர் ஒண்ண எடுத்து ரெக்கார்டருக்குள்ள ஒரு ஆணியத் திருகித் திருகிப் போட்டாரு. மனுசனுக்கு வேர்த்துக் கொட்டுது. நா சொன்னேன், ஏறலேன்னா வுடுங்கண்ணே, ஜோசியருகிட்டயே போறேன்னு. இருங்க, வரும்னாரு."

நான் எழுந்துவிட்டேன். கசெட்டின் மறுபக்கத்தை நான் போட்டுப் பார்த்திருந்தேன். மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல ஏதோ கேட்டது. மென்பொருளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெறும் நாடா என்று விட்டிருந்தேன். அது வேறொரு ரெக்கார்டரில் பதிந்தது. நாடாவைத் தொட்டு வாசிக்கும் தலைப்பகுதி ரெக்கார்டருக்கு ரெக்கார்டர் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். பதிந்த சாய்வும் வாசிக்கிற சாய்வும் ஒத்துவராவிட்டால் சத்தம் மங்கிவிடும். அதைச் சரிசெய்யத்தான் அந்தத் திருகாணி. கடையில் ஆட்கள் வந்துபோகும் இடத்தில் பதியாமல், மாமா மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்த ரெக்கார்டரில் அதைப் பதிந்திருக்க வேண்டும்.

கணவர் டோர்ச் பிடித்தார். கண்ணாடி திருத்துகிற ஸ்க்ரூ ட்ரைவரால் ஆணியை மெல்ல மெல்லத் திருகினேன். மங்கல் விலகிச் சத்தம் கூர்மையாகிக்கொண்டு வந்தது. ஒரு இடத்தில் காது கூசியது. அங்கே நிறுத்தி, நாடாவை முதலிலிருந்து ஓடவிட்டேன்.

ஊதல். இரைச்சல். திரையில் பெயர் வந்தது.

ILLAI.

கணவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அது சின்னக் கட்டளைத் தொகுப்பு. நட்சத்திரம் கேட்கும், புள்ளி ஓடவிடும், மூன்று என்று காட்டும். வேறு எதுவும் செய்யாது. எங்கள் இருவருடைய நட்சத்திரத்தையும் போட்டேன், மூன்று. கணவர் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நல்ல வேள, நமக்குத் திருப்பிப் போடல" என்றார்.

சத்தம் கேட்டு அம்மா கீரைக் கையோடு வந்தார். மாத்தளைக்காரருடைய நட்சத்திரத்தை மறுபடி அடித்தேன். புள்ளிகள் ஓடின. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, இலக்கம் தெரியும்.

"மூணு" என்றார்.

"ஆமாம்மா."

"அன்னைக்கும் இதேதான். இதே மாதிரித்தான் நின்னுச்சி." திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "அப்ப மெசின் பழுதாயிருக்கல."

"பழுதாயிருக்கல."

"நா அவசரப்பட்டு ஒண்ணும் பண்ணிறல."

"இல்லம்மா. நீங்க செஞ்சது சரிதான்."

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். முகத்திலிருந்து ஏதோ இறங்கியது எனக்குத் தெரிந்தது. பிறகு தேத்தண்ணி கேட்டார். சீனி கூடப் போடச் சொன்னார். நேற்றைய எட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் ஏதாவது ஒரு சரியைச் சொல்லியிருப்பேன்.

சமையலறையில் கேத்தலை வைத்துவிட்டு நான் அழுதேன். எனக்காக யாரும் எதையும் செய்யவில்லை, தானாக நடந்தது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கிரகங்களுக்கு என்மேல் இரக்கம் வந்ததாக நினைத்திருந்தேன்.

மூன்று வந்த மறுநாள், யாருக்கும் சொல்லாமல் கட்டுகலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். மாமாவும் அப்போது கோயிலில் நின்றார். "என்ன வேண்டுதல் புள்ள?" என்று கேட்டார். "சும்மா மாமா" என்றேன். "சரி" என்றார். குனிந்து, சிதறிக் கிடந்ததில் ஒரு சில்லைப் பொறுக்கி, வேட்டியில் துடைத்து, கடித்துக்கொண்டே கடை திறக்கப் போனார்.